தேன் நிற வீடுகள்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மருந்து பாட்டில் லேபிள் ஒன்றில் ஓர் எழுத்தின் மேல் புள்ளி விட்டுப்போய், அடித்த அத்தனை லேபிளையும் குப்பையில் போட்டுத் திரும்ப அடிக்க வேண்டிவந்தது. அன்றைக்கு மெஷின்காரர் வைத்த பெயர் 'புள்ளி'. அண்ணன் காதுக்கு எட்டியதும் அது நிரந்தரமாகிவிட்டது. பிறகு அவள் விளம்பரக் கம்பெனிக்குப் போனாள். அங்கிருந்தும் விலகி, ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை பிடித்து, கம்பெனிப் பெயரைத் தானே வரைந்து வாசலில் மாட்டினாள். "பெரிய புள்ளி ஆயிட்டே" என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

பிஸ்கட் பாக்கெட், பல்பொடி டப்பா, பள்ளிக்கூட முத்திரை என்று எது வந்தாலும் வேலையைத் தொடங்குமுன் அவள் மூன்று கேள்விகள் கேட்பாள். யார் பார்ப்பார்கள்? எங்கே நின்று பார்ப்பார்கள்? பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும்? ஓர் ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டிப் பலகைகள் செய்தபோது, குழந்தை கனத்துக்கு ஓர் அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடைக்கூடத்தில் தானே ஓடிப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் தலையை நிமிர்த்துவதில்லை, தரையைத்தான் பார்க்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. அம்புக்குறிகளைத் தரையில் வரைந்தாள். அந்த வேலைக்குப் பிறகுதான் நகர மேம்பாட்டு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவர் திட்ட அதிகாரி. ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். அவளுக்கு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். அவள் விரித்த தாள்கள் பறக்கக்கூடாதென்று எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார்.

"வீட்டுக் கதவுல ஒட்டற ஸ்டிக்கர். மூணு வகை, மூணு நிறம். எதிர்ச்சாரியில இருந்து பார்த்தாலும் நிறம் தெரியணும். ஒட்டிட்டா யாராலயும் பிய்க்க முடியக்கூடாது."

"எதுக்குங்க சார்?"

"கணக்கெடுப்பு."

"மூணு வகைன்னா என்னென்ன?"

"அது எங்க உள் விஷயம்மா. வகை ஒண்ணு, வகை ரெண்டு, வகை மூணு. உங்களுக்கு அது போதும்."

அவள் குறித்துக்கொண்டாள். யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். வீட்டுக்காரர்கள். எங்கே நின்று? வாசலில். பிறகு மூன்றாவது கேள்வியைக் கேட்டாள்.

"பார்த்துட்டு அவங்க என்ன செய்யணும் சார்?"

அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பி யோசித்தார். அவசரப்படாமல் பதில் சொன்னார்.

"ஒண்ணும் செய்யக்கூடாது."

அவள் பேனா நின்றது. வாங்கு, தொடாதே, இந்தப் பக்கம் போ, கையைக் கழுவு. அவள் செய்த எல்லா வேலையிலும் இப்படி ஏதாவது ஒரு சொல் ஒளிந்திருக்கும். ஒன்றும் செய்யாதே என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. இதில் ஏதோ சரியில்லை என்று உறுத்தியது. ஆனால் அதைவிட வேகமாக, இதை எப்படிச் செய்வது என்ற ஆசை தலையைத் தூக்கியது.

முதலில் செய்துகொண்டுபோன மாதிரிகளை அதிகாரி மேசைமேல் வைத்துப் பார்த்தார். சதுரம், தடித்த எழுத்து, கறுப்புக் கரை.

"போலீஸ் சீல் வெச்ச மாதிரி இருக்கேம்மா. பார்த்ததும் மனசு பதறுது. அமைதியாகணும்."

அவள் தெருத்தெருவாக நடந்தாள். ஜனங்கள் தாங்களாகவே ஆசைப்பட்டுத் தங்கள் கதவில் எதையெல்லாம் ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தாள். பிள்ளைகள் ஒட்டிய கார்ட்டூன் பூனை, டிவி வாங்கியபோது கூட வந்த மயில், ஏதோ பந்தயத்தில் கிடைத்த நட்சத்திரம். பரிசு மாதிரித் தெரிகிற எதையும் யாரும் கிழிப்பதில்லை. அறைக்குத் திரும்பி மூலைகளை வளைத்தாள். நடுவில் ஒரு குட்டி வீடு, அதில் திறந்த ஜன்னல், ஜன்னல் வழியே வெளிச்சம். முதல் வகைக்கு இலைப் பச்சை. இரண்டாவதற்கு வெளிர் நீலம். மூன்றாவதுதான் அவளைப் படுத்தியெடுத்தது. ஏனென்றால் அதிகாரி தனியாக ஒன்று சொல்லியிருந்தார்.

"மூணாவது மத்த ரெண்டையும் விட அழகா இருக்கணும்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. மஞ்சள் 'ஜாக்கிரதை' என்று சொல்லும். ஆரஞ்சு 'வேலை நடக்கிறது' என்று சொல்லும். துண்டு துண்டாக அடித்துத் தன் அறைக் கதவிலேயே ஒட்டி, காலை வெயிலில் பார்த்தாள், மழை மூடிய பகலில் பார்த்தாள். கடைசியில் ஒரு தேன் நிறம் கிடைத்தது. வெயில் பட்டால் உள்ளிருந்து விளக்கேற்றியதுபோல் இருந்தது. அன்று முழுக்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அலுவலகம் கொடுத்த வாசகம் 'பதிவு செய்யப்பட்டது'. மொட்டையாக இருந்தது. அவளே வேறொன்று எழுதிக் காட்டினாள்: 'இந்த வீடு நம் திட்டத்தில் இருக்கிறது'.

அதிகாரி இரண்டு தடவை படித்தார். "'நம்'. நல்லா இருக்கும்மா. எங்க யாருக்கும் இது தோணவே இல்ல."

அடியில் ஒரு சட்டப் பிரிவின் எண் வர வேண்டும் என்றார். போட்டாள். இன்னும் சின்னதாக என்றார். குறைத்தாள். இன்னும் என்றார்.

"இதுக்கு மேல குறைச்சா படிக்க முடியாது சார்."

"இருக்கணும்கிறதுதான் விதி. படிக்கணும்னு விதி இல்லையே."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள்.

பசையைச் சோதிக்கிற அன்று அலுவலகத்துப் பின்கட்டில் ஒரு பழைய கதவைச் சாய்த்து வைத்திருந்தார்கள். தேன் நிற ஸ்டிக்கரை ஒட்டிக் காயவிட்டு, ஒரு சிப்பந்தி ஈரத்துணியால் தேய்த்தார். பிறகு வெந்நீர். பிறகு கத்தி. கதவின் பெயிண்ட் சுருள் சுருளாக உரிந்து வந்தது, கட்டை தெரிந்தது. ஸ்டிக்கரின் ஓரம்கூடக் கிளம்பவில்லை. அதிகாரி கைதட்டாத குறை.

"பார்த்தீங்களா? கதவுதான் போகும்."

ஒட்டும் வேலை தொடங்கிச் சில நாள் கழித்து அண்ணன் போனில் கத்தினான்.

"புள்ளி! நம்ம வீட்டுக்கும் ஒட்டிட்டாங்க! தேன் கலர். உன் கை வேலைன்னு பார்த்ததுமே சொன்னேன். தெருவுல ஒருத்தரை விடல, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அண்ணன் இருந்தது அப்பா கட்டிய வீடு. கால்வாயை ஒட்டிப் போகும் தெருவில், கால்வாய் பக்கச் சாரி. முன்னறையில்தான் அவன் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் 'காயில்' கட்டுகிற பட்டறை. அவளுக்குக் கையில் இருந்த வேலைகளெல்லாம் முடிந்து, அந்தப் பக்கம் போக நேரம் கிடைக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன அன்று மாலை வெயில் நேராகக் கதவுகள்மேல் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சாரி முழுக்க, வளைவு வரைக்கும் தேன் நிறம். அண்ணி கதவைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

"வாங்க வாங்க, ஆர்ட்டிஸ்ட் அம்மா" என்று வம்பிழுத்தாள். "உங்க அண்ணன் அதைத் தடவிப் பார்க்காம உள்ளே வர்றதில்ல."

எதிர்ச்சாரியிலிருந்து ரிடையர் ஆன பஸ் டிரைவர் இறங்கி வந்தார். அவர் வீட்டில் பச்சை.

"ஏம்மா, இந்தத் தெருவுலயே பிறந்து வளர்ந்தவன் நான். எனக்கு மட்டும் பச்சைப் புல்லு, இவங்களுக்கெல்லாம் தங்கமா? அதிகாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லி எனக்கும் அதை வாங்கிக் குடேன்."

"சொல்றேங்க" என்று சிரித்தாள். மார்பு விம்மியது என்றுதான் சொல்ல வேண்டும். போட்டோ எடுக்கலாமென்று செல்போனைத் தூக்கிக்கொண்டு தெரு நெடுக நடந்தாள்.

நாலைந்து வீடு தாண்டியதும்தான் வாசற்படிகளை ஒட்டி இரும்பு முளைகள் அடித்திருப்பது கண்ணில் பட்டது. தலையில் வெள்ளைப் பெயிண்ட். தண்ணீர்க் குழாய் பதிக்கப் போகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். முளைகள் ஒரே நேர்க்கோட்டில் போயின. தெரு வளைகிற இடத்தில் கோடு வளையவில்லை. நேரே போய் மூலை வீட்டின் காம்பவுண்டுச் சுவரில் ஏறியது. சுவரில் வெள்ளைக் கோடு, படியில் கோடு, முன்னறைச் சுவரில் கோடு. அந்த வீட்டின் கதவில் நீலம்.

அவள் நின்றாள். கோட்டுக்கு அந்தப்பக்கம், கால்வாய் வரைக்கும், ஒரு வீடு விடாமல் தேன். கோட்டுக்கு இந்தப்பக்கம் எல்லாம் பச்சை. கோடு எந்த வீட்டை அறுத்துக்கொண்டு போகிறதோ அந்த வீடு மட்டும் நீலம்.

எல்லாம் அவள் கண்முன்னே பிரித்து வைத்ததுபோல் இருந்தது. யாருக்கும் விளக்கம் தேவைப்படாத அளவுக்கு நிறங்களைப் பிரிக்கத் தெரிந்தவள் அவள்தானே. கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டாள். அண்ணி காபி போட்டுவிட்டுக் கூப்பிட்டது காதில் விழுந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் அதிகாரி முன்னால் போய் நின்றாள். அவர் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தேன் கலர் வீடெல்லாம் இடிக்கப் போறீங்களா சார்?"

"பூங்கா வருதும்மா. கரை நெடுக நடைபாதை. அவங்களுக்கு ஊருக்கு வெளியில மாற்று இடம் தர்றோம்."

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நோட்டீஸே குடுக்கலையே?"

"குடுத்தாச்சே. கதவுல ஒட்டியிருக்கே. அடியில இருக்கற பிரிவு அதுதான். ஒட்டினாலே நோட்டீஸ் குடுத்ததா கணக்கு. ஆட்சேபம் சொல்ல ஒரு மாசம் டைம். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் வரல." அவர் குரலில் பெருமையும் இல்லை, வஞ்சகமும் இல்லை. களைப்புதான் இருந்தது. "போன தடவை வேற ஊர்ல சிவப்புல அடிச்சு ஒட்டினோம். கல்லு பறந்துச்சு. எங்க ஆள் ஒருத்தருக்கு ஒரு கண்ணு போயிடுச்சு. அதனாலதான் இந்தத் தடவை நல்ல டிசைனரா வேணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். நீங்க செஞ்சதால ஒரு சத்தம் இல்லாம முடியப் போகுது."

அவர் மேசைக்கடியிலிருந்து சுருட்டிய படம் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். பூங்காவின் வரைபடம். திறப்பு விழாவுக்குள் சிற்றேடும் பலகைகளும் வேண்டும், அதையும் நீங்களே செய்யுங்கள் என்றார். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். படத்தோடு வெளியே வந்தாள். கெடு முடிய ஒரு வாரம்கூட இல்லை.

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுச் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான். சுற்றுவதை நிறுத்தவில்லை.

"உனக்கு யாரோ தப்பா சொல்லியிருக்காங்க. வீட்டை இடிக்கப் போறவன் இவ்வளவு அழகா ஒண்ணை ஒட்டிட்டுப் போவானா?"

"அழகா செஞ்சது நான்ணா."

கம்பி நின்றது. அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தாள். அவள்தான் முதலில் பேசினாள், மெதுவாக.

"நீ செஞ்சதுன்னு தெரிஞ்சுதான் புள்ளி தெருவுல எல்லாரும் ஒட்ட விட்டாங்க. மூலை வீட்டுக்காரர் வேணாம்னு கதவைச் சாத்தினார். உங்க அண்ணன்தான் போய்ப் பேசி ஒட்ட வெச்சார்."

அன்று அவள் வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்னாள். கேட்டவர்கள் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள். ஒருவர், ஆபீசில் சம்பளத் தகராறா என்று கேட்டார். கதவில் இருந்த குட்டி வீட்டின் ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. அதன் பக்கத்தில் நின்று பேசும் அவள் வாய்ச்சொல் எடுபடவில்லை.

போஸ்டர் அடிப்பது என்று முடிவு செய்தாள். பகல் முழுக்க உட்கார்ந்து ஒன்று செய்தாள். பெரிய எழுத்து, ஆபத்து, எழுங்கள், இத்யாதி. பிரதி எடுத்துக்கொண்டு போய் பஸ் டிரைவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. எழுத்தெல்லாம் என்ன நேர்த்தி!" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். இத்தனை வருஷமும் கை ஒன்றைத்தான் கற்றிருந்தது, பார்ப்பவர் மனசைத் தடவிக்கொடுக்க. பயமுறுத்த நினைத்தாலும் அது தடவித்தான் கொடுத்தது. கத்திப் பிரயோஜனமில்லை. அவர்கள் வாசலிலிருந்து அவர்களைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போக வேண்டும். எதைக் காட்டினால் வருவார்கள்?

பூங்கா வரைபடத்தை விரித்தாள். புல்தரை, விளக்குக் கம்பங்கள், பெஞ்சுகள், உலாவுகிற ஜனங்கள். யார் கையோ வெகு அழகாக வரைந்திருந்தது. அதில் அவள் ஒரு கோட்டையும் மாற்றவில்லை. தெருவின் அளவுப்படம் ஒன்றை வாங்கி வந்து அடியில் வைத்துப் பொருத்தி, ஒவ்வொரு வீட்டின் கதவு எண்ணையும் அந்தந்த இடத்தில் சின்னதாகப் போட்டாள். மேலே ஒரே வரி: 'உங்கள் வீட்டு எண்ணைத் தேடுங்கள்'. கீழே ஆட்சேபம் தரக் கடைசி நாள், அலுவலக விலாசம், அவளுடைய போன் நம்பர்.

முதல் பிரதியை அண்ணி கையில் கொடுத்தாள். அண்ணி ஒன்றும் கேட்காமல் தேட ஆரம்பித்தாள். விரல் புல்தரையில் ஊர்ந்தது, ஒரு மரத்தைத் தாண்டியது, விளக்குக் கம்பத்தருகே நின்றது. வெகுநேரம் எடுக்கவில்லை.

"இந்தப் பொம்பள யாரு?" என்றாள். "நம்ம அடுப்படியில நாயைப் பிடிச்சிட்டு நிக்கறாளே, யாரு இவ?"

அண்ணன் எழுந்து வந்து பார்த்தான். அவன் பட்டறை இருந்த இடத்தில் ஒரு குழந்தை பலூனோடு ஓடிக்கொண்டிருந்தது.

தெரிந்த அச்சகத்தில் அன்றே அடித்தாள். ஒட்டியவர் பஸ் டிரைவர். தானே ஏணியும் பசை வாளியுமாக வந்தார்.

"உங்க வீட்டுக்குத்தான் ஒண்ணும் ஆகாதே" என்றாள் அவள்.

"அது தெரிஞ்சதும் வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சும்மா. அதான் வெக்கமா இருக்கு. தள்ளு, ஏணியைப் பிடி."

சாயங்காலம் தெரு முழுக்க விரல்கள். போஸ்டர் முன்னால் குனிந்து, நிமிர்ந்து, பக்கத்து வீட்டுக்காரருக்கும் தேடிக் கொடுத்தார்கள். யாரும் கத்தவில்லை. எண் கிடைத்தவர்கள் ஓசையில்லாமல் விலகி நின்றார்கள். சிலர் வீட்டுக்குப் போய் ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்த்தார்கள். மறுநாள் காலை மேம்பாட்டு அலுவலக வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. அதிகாரி வெளியே வந்து ஒவ்வொரு மனுவையும் தன் கையாலேயே வாங்கிக்கொண்டார். வயசானவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

விசாரணை நடந்தது, ஒத்திவைத்தார்கள், திரும்ப நடந்தது. தெருவின் மேல்பாதியில், வளைவு தாண்டிய வீடுகளுக்காகக் கோட்டைத் தள்ளிப் போட ஒப்புக்கொண்டார்கள். மூலை வீடு தப்பியது. கீழ்ப்பாதி தப்பவில்லை. மழைக்காலம் முடிந்ததும் இயந்திரங்கள் வந்தன. அண்ணன் பட்டறைப் பலகையை மட்டும் கழற்றிக்கொண்டான். இடிப்பதைப் பார்க்க நிற்கவில்லை.

ஊருக்கு வெளியே நாலாவது மாடியில் அவர்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. அங்கே பட்டறை வைக்க வழியில்லை. அண்ணன் இப்போது இன்னொருத்தர் கடையில் வேலை பார்க்கிறான். அந்தக் கட்டடம் முழுக்கப் பழைய தெருக்காரர்கள்தான். மாடிப்படியில் அண்ணனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று அண்ணி ஒருநாள் சொன்னாள். தங்கச்சியை வைத்தே தெருவைக் காலி செய்துவிட்டான் என்று ஒரு பேச்சு.

"நீ போஸ்டர் போட்டது எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒட்ட வெச்சது இவர்தானே. அதைத்தான் பேசறாங்க" என்றாள். அண்ணன் உள்ளே டிவியைச் சத்தமாக வைத்தான்.

அவளுக்கு அலுவலக வேலைகள் நின்றுபோயின. சிற்றேட்டை வேறு யாரோ செய்தார்கள். அதிகாரியிடமிருந்து ஒரே ஒருமுறை போன் வந்தது. கோபமாகப் பேசியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"உங்க போஸ்டரைப் பார்த்தேன்மா. ரொம்ப நல்ல வேலை. நாங்களும் அதுல இருந்து கத்துக்கிட்டோம். இப்ப விதியையும் கொஞ்சம் மாத்தியிருக்கோம்" என்றார். வைக்குமுன், ஸ்டிக்கரின் உரிமை அலுவலகத்தின் பேரில்தான் இருக்கிறது, மற்ற ஊர்க்காரர்களும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று தகவல் போலச் சொன்னார்.

சோப்பு உறை ஒன்றுக்கு எழுத்து வரைந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ஒரு பெண். அவள் சொன்ன ஊர் ரயிலில் ஒரு நாள் தூரம். தேன் நிற ஸ்டிக்கர் ஒட்டிய கதவுக்குப் பக்கத்தில் இருந்த போஸ்டரை யாரோ படமெடுத்து அனுப்பியிருந்தார்கள், அதில் இந்த நம்பர் இருந்ததாம்.

"ஒண்ணுமில்ல மேடம், சும்மா கேட்டுக்கலாம்னுதான். எங்க கதவுல ஒண்ணு ஒட்டியிருக்காங்க. பார்க்க ரொம்ப நல்லா இருக்கு. பிள்ளைங்களுக்குப் பிடிச்சிருக்கு. அடியில ஏதோ சட்ட நம்பர் இருக்கும்னாங்க, எங்களதுல அது எதுவும் இல்ல. வெறும் படம்தான்."

புள்ளி தூரிகையைக் கீழே வைத்தாள்.

"எப்ப ஒட்டினாங்கம்மா?"

"கொஞ்ச நாள் ஆச்சு. ஏன் மேடம்?"

"உங்க வீட்டுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

அந்தப் பெண் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். உள்ளே பாத்திரம் உருளும் சத்தமும், பிள்ளைகள் சண்டை போடும் சத்தமும் கேட்டன.

"ஒண்ணும் இல்லையே" என்றாள். "ஏரிதான் இருக்கு."